ஆறுதல் பெற்றவர் தரும் ஆறுதல்



சென்ற ஆண்டின் கணக்கறிக்கையில் இருந்த ஒரு வரியைக் குறித்து உங்களில் சிலர் எங்களுக்குக் கடிதம் எழுதியிருந்தீர்கள். மருந்து, கட்டில், சக்கர நாற்காலி, செயற்கைக் கால் ஆகிய செலவுகளுக்கு நடுவே "வழிகாட்டிகளின் பயணப்படியும் மதிப்பூதியமும்" என்று ஒரு தலைப்பு இருந்தது. இந்த வழிகாட்டிகள் யார்? வைத்தியரா, நர்ஸா, சுவிசேஷகரா? நோயாளியோடு உட்கார்ந்து பேசுவதற்குப் பணமா? பேச்சுத்துணைக்குச் சபையிலிருந்தே ஆள் அனுப்பமாட்டோமா? இப்படிக் கேட்டிருந்தீர்கள். காணிக்கை கொடுக்கிறவர்கள் கேட்கவேண்டிய கேள்விகள்தான் இவை. மூன்று வரியில் பதில் சொல்லி முடிக்கிற விஷயம் அல்ல என்பதால் இவ்விதழின் பாடத்தை இதற்கே ஒதுக்கியிருக்கிறோம். 2 கொரிந்தியர் முதலாம் அதிகாரத்தில் 3 முதல் 7 வரையுள்ள வசனங்களை ஒருமுறை வாசித்துவிட்டுத் தொடருங்கள்.

வழிகாட்டி என்று நாங்கள் சொல்வது, சில ஆண்டுகளுக்கு முன் தாமே ஊனமுற்று, அந்த வாழ்க்கைக்குப் பழகி, இப்போது புதிதாக அந்த நிலைக்கு வந்தவரின் கட்டிலருகே வந்து உட்காருகிறவரை. ஆங்கிலத்தில் 'பியர் மென்டர்' என்பார்கள். பயிற்சித் தாள்களில் 'சக வழிகாட்டி' என்று எழுதுகிறோம். வார்டில் யாரும் அப்படிச் சொல்வதில்லை. "வண்டி அண்ணன் வந்துட்டாரா?", "அந்த அக்கா இன்னிக்கு வருமா?" என்றுதான் கேட்பார்கள். மாற்றுத்திறனாளி என்பதே இன்று அரசாங்கமும் பொதுமக்களும் வழங்கும் சொல், மரியாதையான சொல்லும்கூட. ஆனாலும் காலை எடுத்துப் பத்தே நாள் ஆன ஒருவரிடம் போய் மாற்றுத்திறன் என்று பேசினால் அவருக்குக் கோபம்தான் வரும். முதல் மாதங்களில் அவர் அறிந்திருப்பது இழப்பு ஒன்றைத்தான். ஆகையால் இங்கே அந்தப் பழைய சொல்லையும் பயன்படுத்துகிறோம்.

வார்டில் நடப்பது

தென்னையோ பனையோ ஏறி விழுந்தவர், கட்டடச் சாரத்திலிருந்து தவறியவர், கிணற்றில் விழுந்தவர், நெடுஞ்சாலையில் பைக்கில் அடிபட்டவர்: முதுகுத்தண்டில் காயப்பட்டு எங்களிடம் வருகிறவர்களில் பெரும்பாலோர் இவர்கள்தாம். அநேகமாக வாலிபர்கள். வீட்டின் சம்பாத்தியமே அவர்கள் தோளில்தான் இருந்திருக்கும். அடுத்த வார்டில் சர்க்கரை வியாதியால் கால் எடுக்கப்பட்டவர்கள், பக்கவாதத்தால் ஒரு பக்கம் விழுந்துபோனவர்கள் இருப்பார்கள்.

முதுகுத்தண்டு அடிபட்டால் நடக்க முடியாது என்பது எல்லாருக்கும் தெரியும். அது பாதிக் கதைதான். காயத்துக்குக் கீழே உணர்ச்சி போய்விடுகிறது. சிறுநீரும் மலமும் கட்டுப்பாட்டில் இருப்பதில்லை. படுத்திருந்தால் 2 மணி நேரத்துக்கு ஒருமுறை புரண்டு படுக்கவேண்டும். உட்கார்ந்திருந்தால் கால்மணி, அரைமணிக்கு ஒருமுறை கைகளை ஊன்றி இடுப்பைத் தூக்கி இறக்கவேண்டும். இல்லாவிட்டால் வலியே தெரியாமல் புண் வைத்து, எலும்புவரை போய்விடும். சிறுநீருக்கு 4 முதல் 6 மணி நேரத்துக்கு ஒருமுறை தாமே கதீட்டர் குழாயைச் செலுத்தி வடித்துவிடவேண்டும். ஆபரேஷன் தியேட்டரின் சுத்தம் அதற்குத் தேவையில்லை, சோப்புப் போட்டுக் கழுவிய கை போதும் என்பதை 1972-இல் அமெரிக்க மருத்துவர் ஜாக் லாப்பிடஸும் அவருடன் பணியாற்றியவர்களும் எடுத்துக்காட்டினார்கள். எத்தனையோ பேருடைய சிறுநீரகத்தைக் காப்பாற்றிய எளிய காரியம் அது.

இவை யாவையும் எங்கள் நர்ஸ்களும் பிசியோதெரபிஸ்டுகளும் பொறுமையாகச் சொல்லிக்கொடுக்கிறார்கள். நோயாளி தலையாட்டுகிறார். ஆனால் உள்ளுக்குள் அவர் நினைப்பதோ வேறு: கால் வந்துவிட்டால் இதெல்லாம் எதற்கு? கால் வராது என்றால் இதெல்லாம் எதற்கு? இப்படி இரண்டு பக்கமும் கதவை அடைத்துக்கொண்டவர் வீட்டுக்குப் போனதும் புரண்டு படுப்பதை விட்டுவிடுகிறார். கதீட்டர் பெட்டியோடு பரண்மேல் ஏறிவிடுகிறது. சில மாதங்களில் புண்ணோடும் காய்ச்சலோடும் திரும்பி வருகிறார், அல்லது திரும்பி வருவதேயில்லை. நம் நாட்டில் இத்தகையோர் வீட்டுக்குப் போனபின் இறப்பது பெரும்பாலும் படுக்கைப்புண்ணிலும் சிறுநீர்த் தொற்றிலும்தான். ஆஸ்பத்திரி அவரைப் பிழைக்கவைத்தது உண்மை. பிழைத்த உயிரை வைத்துக்கொண்டு என்ன செய்வது என்பதை அவருக்கு யாரும் காட்டவில்லை.

இந்த இடத்தில்தான் வண்டி அண்ணன் வருகிறார். செவ்வாய்க்கிழமைகளில் வரும் ஒருவர் ஒரு காலத்தில் லாரியில் கிளீனராக இருந்தவர். இப்போது செல்போன் பழுதுபார்க்கும் கடை வைத்திருக்கிறார். வந்ததும் அவர் உபதேசம் எதுவும் செய்வதில்லை. சக்கர நாற்காலியைக் கட்டிலோடு ஒட்டி நிறுத்தி, பிரேக் போட்டு, இரு கைகளையும் ஊன்றித் தம்மைத் தூக்கிக் கட்டிலின் ஓரத்தில் உட்கார்ந்துகொள்வார். பிறகு கால்களை ஒவ்வொன்றாகக் கையால் எடுத்து வைப்பார். ஊர், தொழில், பிள்ளைகள் என்று பேச்சு போகும். படுத்திருப்பவர் பேச்சைக் கவனிக்கமாட்டார். அந்தக் கைகளையே பார்த்துக்கொண்டிருப்பார். கடைசியில் ஒரு கேள்வி வரும். ஆத்துமாவைப் பற்றியோ கடவுள் ஏன் இப்படிச் செய்தார் என்றோ வரும் என்று எதிர்பார்க்காதீர்கள். "அண்ணே, நீங்க பஸ்ல எப்படி வந்தீங்க?" என்றுதான் அநேகமாகக் கேட்பார்கள். அடுத்தது, "ஒண்ணுக்கு எப்படிப் போவீங்க?"

மூன்றாவது கேள்வி வர இரண்டு மூன்று வாரம் ஆகும். திரையை இழுத்துவிட்டுத்தான் கேட்பார்கள். "வீட்டுல அண்ணி உங்ககூடத்தான் இருக்காங்களா?"

தாம்பத்தியத்தைப் பற்றிப் போதகரிடம் யாரும் கேட்பதில்லை. டாக்டரிடம் கேட்கவும் கூச்சம். வழிகாட்டியிடம் கேட்கிறார்கள். அவரும் எல்லாம் சரியாகிவிடும் என்று பூசி மெழுகுவதில்லை. முதல் இரண்டு வருஷம் சாகவேண்டும் என்றே நினைத்ததாகவும், மனைவி தாய்வீட்டுக்குப் போய்த் திரும்பி வந்ததாகவும், சில காரியங்கள் முன்போல் இல்லை, சில காரியங்கள் உண்டு என்றும் சொல்கிறார். எந்த டாக்டரிடம் எதைக் கேட்கவேண்டும் என்றும் சொல்லிவிடுகிறார். அன்று மாலை அந்த நோயாளி நர்ஸிடம் கதீட்டரைத் தானே போட்டுப் பார்க்கிறேன் என்று சொன்னால் அது எங்களுக்கு ஆச்சரியமல்ல. பலமுறை கண்டிருக்கிறோம்.

புத்தகத்தில் கிடைக்காத நுணுக்கங்களும் இவர்கள் வழியாகவே வார்டுக்குள் வருகின்றன. சூடான காபி டம்ளரைத் தொடைக்கு நடுவில் வைக்காதே, வெந்துபோனாலும் உனக்குத் தெரியாது. வெயிலில் காய்ந்த சிமெண்டுத் திண்ணையில் உட்காராதே. செருப்பு மாட்டுமுன் உள்ளே கையை விட்டுக் கல் இருக்கிறதா என்று பார். இரவில் சின்னக் கண்ணாடி ஒன்றை வைத்து இடுப்புத் தோலைப் பார்த்துக்கொள். கல்யாணத்துக்குப் போகும்போது கதீட்டரைச் சோப்புப் பெட்டியில் போட்டு எடுத்துப்போ, யாருக்கும் தெரியாது. பயணம் என்று தண்ணீர் குடிக்காமல் இருக்காதே. திங்கட்கிழமை கலெக்டர் ஆபீஸ் குறைதீர் நாளில் எந்த வாசலில் சாய்தளம் இருக்கிறது, அடையாள அட்டைக்கு எந்தச் சான்றிதழை முதலில் வாங்கவேண்டும். இந்த அறிவு எங்களில் ஒருவருக்கும் கிடையாது.

கால் எடுக்கப்பட்டவர்களின் வார்டில் வேறொரு பயம் உண்டு. இல்லாத கால் வலிக்கும், அரிக்கும். நரம்புகளும் மூளையும் இன்னும் அந்தக் காலை மறக்கவில்லை என்பதுதான் காரணம் என்று டாக்டர் விளக்குகிறார். நோயாளியோ தனக்குப் புத்தி பேதலிக்கிறதோ என்று வெளியே சொல்லாமல் புழுங்குகிறார். "எனக்குப் போன வாரம்கூடக் கட்டைவிரல் அரிச்சுது, எடுத்துப் பன்னிரண்டு வருஷமாச்சு" என்று செயற்கைக் காலைத் தட்டிக்கொண்டே ஒருவர் சிரித்தால் அந்தப் பயம் அங்கேயே போய்விடும்.

பவுல் சொல்லும் காரணம்

இனி வேதபகுதிக்கு வருவோம். 2 கொரிந்தியர் 1:3-7-இல் ஆறுதல், ஆறுதல்செய்தல் என்று நாம் வாசிக்கும் கிரேக்கச் சொல் ஐந்து வசனங்களுக்குள் பத்து முறை வருகிறது. பராக்ளேசிஸ் என்பது அந்தச் சொல். அருகில் அழைத்தல், பக்கத்தில் நின்று தைரியம் சொல்லுதல் என்ற பொருள்கள் அதற்குண்டு. யோவான் சுவிசேஷத்தில் தேற்றரவாளன் என்று நாம் வாசிக்கும் சொல்லும் அதே வேரிலிருந்து வந்ததே.

அநேகர் இந்தப் பகுதியை வாசித்துவிட்டுத் தேவன் ஆறுதல் தருகிறார் என்பதோடு நிறுத்திவிடுகிறார்கள். பவுல் அங்கே நிறுத்தவில்லை. உபத்திரவத்தில் தாம் பெற்ற அதே ஆறுதலைக்கொண்டுதான் உபத்திரவப்படும் மற்றவர்களுக்கு ஆறுதல் செய்ய முடிகிறது என்பது அவர் வாதம். ஆறாம் வசனத்தில் இன்னும் ஒருபடி மேலே போய், அதேவிதமான பாடுகளைச் சகிப்பதில் அந்த ஆறுதல் பலன் தருகிறது என்கிறார். 'அதேவிதமான' என்பதைக் கவனியுங்கள். ஆறுதல் சொல்பவரின் நல்ல மனம் மட்டும் போதும் என்று அவர் சொல்லவில்லை. அவர் எங்கே இருந்து வந்து பேசுகிறார் என்பதும் முக்கியம்.

பவுலைக்கொண்டு இதைச் சொல்வதால், துன்பப்படாதவன் துன்பப்படுகிறவனை அண்டக்கூடாது என்று பொருள்கொள்ள வேண்டாம். யோபின் நண்பர்கள் ஏழு நாள் பேசாமல் தரையில் உட்கார்ந்திருந்தவரை நல்ல நண்பர்களாகவே இருந்தார்கள். வாயைத் திறந்தபோதுதான் கெடுத்தார்கள். ஆஸ்பத்திரிப் போதகர்களாகிய எங்களுக்கும் உங்கள் சபைச் சந்திப்புக் குழுக்களுக்கும் வேலை உண்டு. அது வேறு வேலை. எங்கள் ஜெபத்தை அவர்கள் விரும்புகிறார்கள். எங்கள் கால்களையும் பார்க்கிறார்கள்.

மேவிபோசேத்தை நினைத்துக்கொள்ளுங்கள். ஐந்து வயதில் தாதி தூக்கிக்கொண்டு ஓடும்போது விழுந்து இரண்டு காலும் முடமானவன் (2 சாமுவேல் 4:4). தாவீது அவனுக்கு நிலம் கொடுத்தான், தன் பந்தியில் இடம் கொடுத்தான், நிலத்தைப் பயிரிடச் சீபாவை ஏற்படுத்தினான். மாற்றுத்திறனாளிகள் ஞாயிறு என்றால் நம் பிரசங்கங்கள் இந்தப் பந்தியோடு முடிந்துவிடும். 16-ஆம், 19-ஆம் அதிகாரங்களை வாசிக்கிறவர்கள் குறைவு. அங்கே மேவிபோசேத்துக்காகப் பேசுகிறவன் சீபா. எஜமான் துரோகி என்று ராஜாவிடம் சொல்லி நிலத்தை வாங்கிக்கொள்கிறான். தானோ கழுதைக்குச் சேணம் வைக்கச் சொன்னதாகவும், வேலைக்காரன் ஏமாற்றிவிட்டுப் போய்விட்டதாகவும் மேவிபோசேத் பின்னால் வந்து சொல்கிறான். அதற்குள் தீர்ப்பு ஆகிவிட்டது. எவ்வளவு உதவி இருந்தாலும் தன் நிலையைத் தானே சொல்ல வழியில்லாதவன் அடுத்தவன் வாயை நம்பித்தான் இருக்கவேண்டும். வார்டிலும் அப்படித்தான்: "அவனுக்கு ஒன்றும் வேண்டாமாம்" என்று அண்ணன் சொல்வார், "அவளால் முடியாது" என்று மாமியார் சொல்வார். படுத்திருப்பவரிடமே நேராகக் கேட்கிற பழக்கம் வழிகாட்டிகளுக்கு இயல்பாக இருக்கிறது. தங்களிடம் யாரும் கேட்காத நாட்கள் அவர்களுக்கு நினைவிருக்கும்.

இது புதிய உபதேசம் அல்ல

மருத்துவ உலகம் இதை மெதுவாகத்தான் கற்றது. முதல் உலக யுத்தத்தில் முதுகுத்தண்டில் காயப்பட்ட வீரர்களில் பெரும்பாலோர் புண்ணாலும் தொற்றாலும் சீக்கிரமே இறந்தார்கள். 1944-இல் இங்கிலாந்தின் ஸ்டோக் மாண்டெவில் ஆஸ்பத்திரியில் டாக்டர் லுட்விக் குட்மான் தனிப்பிரிவு தொடங்கியபின் நிலைமை மாறிற்று. 1948 ஜூலை 29 அன்று, சக்கர நாற்காலியில் இருந்த 16 பேரைக்கொண்டு அவர் ஒரு வில்வித்தைப் போட்டி நடத்தினார். பின்னாளில் பாராலிம்பிக் போட்டிகளாக வளர்ந்தது அதுவே. பதக்கங்களைப் பற்றி உலகம் பேசுகிறது. ஒரே கூரையின்கீழ் ஒரேவிதமாக அடிபட்ட பலர் ஒருவரையொருவர் பார்த்துக் கற்றுக்கொள்ள இடம் கிடைத்ததை நாங்கள் அதைவிடப் பெரிதாக எண்ணுகிறோம்.

1972-இல் அமெரிக்காவின் பெர்க்லி நகரில், இளம்பிள்ளை வாதத்தால் கைகால் செயலிழந்த எட் ராபர்ட்ஸும் அவருடைய நண்பர்களும் சுயேச்சை வாழ்வு மையம் ஒன்றைத் தொடங்கினார்கள். ஊனமுற்றவர்களே ஊனமுற்றவர்களுக்கு ஆலோசனை சொல்வது அதன் ஆதாரப் பணிகளில் ஒன்று. சுவீடனில் 1976 முதல், சக்கர நாற்காலியில் பழகியவர்களே புதியவர்களை முகாமுக்கு அழைத்துப்போய்ப் பழக்கும் முறை நடந்துவருகிறது. ஐக்கிய நாடுகளின் மாற்றுத்திறனாளிகள் உரிமை உடன்படிக்கையின் 26-ஆம் பிரிவு, மறுவாழ்வைப் பற்றிப் பேசும் முதல் வாக்கியத்திலேயே இத்தகைய சகத் துணையைக் குறிப்பிடுகிறது. இந்தியா 2007-இல் அதை ஏற்று உறுதிசெய்தது.

நம் நாட்டிலும் சாட்சிகள் உண்டு. வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியின் டாக்டர் மேரி வர்கீஸை உங்களில் மூத்தவர்கள் அறிவீர்கள். 1954-இல் வாகன விபத்தில் இடுப்புக்குக் கீழே செயலிழந்தார். டாக்டர் பால் பிராண்டின் ஊக்கத்தால் சக்கர நாற்காலியில் அமர்ந்தபடியே குஷ்டரோகிகளின் கைகளுக்கு அறுவைச் சிகிச்சை செய்தார். நியூயார்க்கில் மறுவாழ்வு மருத்துவம் கற்றுத் திரும்பி வேலூரில் அந்தத் துறையை நிலைநாட்டினார். 1966-இல் பாகாயத்தில் மறுவாழ்வு நிலையம் திறக்கப்பட்டது. நோயாளி "உங்களுக்கு என்ன தெரியும்?" என்று கேட்கமுடியாத டாக்டர் அவர். அங்கே பழைய நோயாளிகள் திரும்பி வந்து கூடும் ரிஹாப் மேளா நடப்பதும் உண்டு.

தென்காசி மாவட்டத்து ஆய்க்குடியில் அமர் சேவா சங்கத்தை 1981-இல் தொடங்கிய எஸ். ராமகிருஷ்ணனும் அப்படிப்பட்டவரே. பொறியியல் மாணவராக இருக்கும்போது 1975-இல் கடற்படைத் தேர்வில் விழுந்து கழுத்துக்குக் கீழே செயலிழந்தவர். தசைச்சிதைவு நோயுள்ள கணக்காளர் எஸ். சங்கரராமன் 1992-இல் அவரோடு சேர்ந்துகொண்டார். அது நம் மிஷன் ஸ்தாபனம் அல்ல. அங்கே போய்ப் பார்த்துக் கற்கவேண்டியது நமக்கு நிறைய இருக்கிறது.

ஆனாலும் ஒன்றைச் சொல்லவேண்டும். பனையேறி விழுந்த ஒருவருக்கு டாக்டர் மேரி வர்கீஸின் கதையைச் சொன்னால் அவர் மரியாதையோடு கேட்டுவிட்டு, "அவங்க டாக்டர்மா" என்பார். பெரியவர்களின் வரலாறு நம்மைப்போன்ற ஆதரவாளர்களின் உள்ளத்தை அசைக்கிறது. கட்டிலில் கிடப்பவரை அசைப்பது பக்கத்து ஊரில் பெட்டிக்கடை வைத்திருக்கும், தன்னைப்போலவே எட்டாம் வகுப்பு படித்த, தன்னைப்போலவே கடன்பட்ட ஒருவர்தான். பிரபலமானவர்களை அழைத்துக் கூட்டம் நடத்துவதற்குப் பதிலாக அந்தப் பெட்டிக்கடைக்காரரைத் தேடிப் போகிறோம்.

யாரை அனுப்புகிறோம்

ஊனமுற்ற எல்லாரும் வழிகாட்டியாக முடியாது. காயப்பட்டு இரண்டு ஆண்டாவது ஆகியிருக்கவேண்டும் என்று வைத்திருக்கிறோம். அதற்குமுன் வந்தால் தம் துக்கத்தையே இறக்கிவைத்துவிட்டுப் போவார். "நான் ஜெயித்தேன், நீயும் ஜெயிக்கலாம்" என்கிற ஆளும் சரிப்படமாட்டார். தண்டுவடம் முழுதும் அறுந்தவரும் பாதி அடிபட்டவரும் வெளிப்பார்வைக்கு ஒன்றுபோல இருப்பார்கள். பாதி அடிபட்டவர் ஊன்றுகோலோடு எழுந்து நடந்த கதை மற்றவருக்கு விஷமாகிவிடும். ஆகையால் யாரை யாரிடம் அனுப்புவது என்பதை டாக்டரும் பிசியோதெரபிஸ்டும் சேர்ந்து தீர்மானிக்கிறார்கள். மருந்து சொல்லக்கூடாது, நாட்டு வைத்தியரிடம் அனுப்பக்கூடாது, ஒரு கட்டிலில் கேட்டதை அடுத்த கட்டிலில் சொல்லக்கூடாது. மதப்பிரசங்கமும் கூடாது. எங்கள் வழிகாட்டிகளில் கிறிஸ்தவரல்லாதோரும் உண்டு. சுகமளிக்கும் கூட்டத்துக்குப் போ, விசுவாசம் இருந்தால் எழுந்து நடப்பாய் என்று சொல்லி ஒரு வாலிபனைக் குற்ற உணர்ச்சியில் தள்ள யாருக்கும் அனுமதியில்லை. யோவான் 9:3-இல் ஆண்டவர் சீஷர்களுக்குச் சொன்ன பதில் அந்த விஷயத்தில் போதுமானது.

பெண்களுக்குப் பெண்களே வேண்டும். இதில்தான் எங்களுக்குப் பற்றாக்குறை. அடிபட்ட ஆணை மனைவி கவனித்துக்கொள்கிறாள். அடிபட்ட மனைவியைத் தாய்வீட்டுக்கு அனுப்பிவிடுவது இன்னும் நடக்கிறது. மாதவிலக்கு நாட்களைச் சமாளிப்பது, பிள்ளை பெற முடியுமா என்ற கேள்வி (முதுகுத்தண்டு அடிபட்ட பெண் கருத்தரிக்க முடியும், பிரசவத்துக்குக் கூடுதல் கவனம் தேவை), அடுப்படியில் நாற்காலியில் உட்கார்ந்து சமைப்பது ஆகியவற்றை இன்னொரு பெண்தான் சொல்லவேண்டும். அப்படிப்பட்ட பெண் வீட்டைவிட்டு வெளியே வருவதற்கே அண்ணன் தம்பி அனுமதி தேவைப்படுகிறது. ஒரு பெண் வழிகாட்டியை உருவாக்க எங்களுக்கு ஆண் வழிகாட்டியைவிட இரண்டு மடங்கு காலமும் பல வீட்டுச் சந்திப்புகளும் ஆகின்றன.

குடும்பத்துக்கும் இதேபோல் துணை வேண்டும். மகனைத் தூக்கித் தூக்கி முதுகு ஒடிந்த தாய்க்கு, பத்து வருஷம் தூக்கிய இன்னொரு தாய், "தூக்காதே, அவனையே நகரச் சொல்லு" என்று சொன்னால் கேட்கிறாள். நாங்கள் சொன்னால் இரக்கமில்லாதவர்கள் என்று நினைக்கிறாள்.

ஏன் பணம் என்ற கேள்விக்கு இப்போது பதில் சொல்லிவிடுகிறோம். சக்கர நாற்காலியோடு சாதாரண டவுன் பஸ்ஸில் ஏறுவது இன்னும் பல ஊர்களில் பெரும்பாடுதான், ஆட்டோதான் வேண்டும். கடையைப் பூட்டிவிட்டு வருகிறவருக்கு அன்றைய வருமானம் போகிறது. சம்பளத்துக்கு வேலை செய்யும் டாக்டரையும் போதகரையும் வைத்துக்கொண்டு, கூட்டத்திலேயே ஏழையானவரை மட்டும் இலவசமாக ஊழியம் செய்யச் சொல்வது நியாயமல்ல. செலவை எண்ணிப் பார்க்கிறவர்களுக்கு இன்னொரு காரியம்: 2017-இல் அமெரிக்காவின் அட்லாண்டா நகரிலுள்ள ஷெப்பர்டு மையம் வெளியிட்ட ஆய்வில், தீவிரமாகச் சக வழிகாட்டல் பெற்றவர்களுக்குத் தன்னம்பிக்கை கூடியதோடு, வீட்டுக்குப் போனபின் எதிர்பாராமல் ஆஸ்பத்திரியில் தங்கிய நாட்களும் குறைந்திருந்தன. ஆழமான படுக்கைப்புண் ஒன்றை ஆற்றுவதற்கு மாதக்கணக்கில் கட்டில் பிடிக்கும் என்பதை எங்கள் நர்ஸ்கள் சொல்வார்கள். ஆட்டோ வாடகை அதற்கு முன்னால் எம்மாத்திரம்? சக்கர நாற்காலியில் உபயம் என்று உங்கள் பெயரை எழுதலாம். உரையாடலில் எழுத முடியாது. அதனால்தான் இந்தத் தலைப்புக்குக் காணிக்கை குறைவாக வருகிறது என்று நினைக்கிறோம்.

சபைகள் செய்யக்கூடிய காரியங்கள் சில உண்டு. உங்கள் ஊருக்கு ஒருவர் சக்கர நாற்காலியில் திரும்பி வந்தால் முதல் ஞாயிறே அவரைப் பீடத்துக்கு அழைத்துச் சாட்சி சொல்லச் சொல்லாதீர்கள். அவர் வீட்டுக் கழிப்பறைக் கதவு நாற்காலி நுழையும் அகலம் உள்ளதா என்று பாருங்கள். ஆலயத்தில் சாய்தளம் கட்டுவதானால் ஓர் அடி உயரத்துக்குப் பன்னிரண்டு அடி நீளம் வேண்டும். பல ஆலயங்களில் கட்டியிருக்கும் செங்குத்துச் சரிவில் இறங்கினால் மறுபடியும் எங்களிடம்தான் வரவேண்டியிருக்கும். கொத்தனாரை அழைக்குமுன் சக்கர நாற்காலியில் போகிற ஒருவரை அழைத்து இடத்தைக் காட்டிக் கேளுங்கள்.

இன்னொன்று. சர்க்கரையால் காலை இழந்து பத்து வருஷமாகச் செயற்கைக் காலோடு ஆராதனைக்கு வரும் பெரியவரோ, விபத்தில் கை போனபின் தையல் கடை நடத்தும் சகோதரியோ உங்கள் வரிசையிலேயே உட்கார்ந்திருக்கலாம். அவர்களிடம் இந்த இதழைக் கொடுத்து, வர விருப்பமா என்று கேட்டு எழுதுங்கள். சகோதரிகள் வந்தால் அதிக சந்தோஷம். அவர்கள் தயங்கினால் வற்புறுத்தவேண்டாம்; ஒரு செவ்வாய்க்கிழமை வார்டுக்கு வந்து, பழைய வழிகாட்டி ஒருவரோடு சும்மா உட்கார்ந்து பார்த்துவிட்டுப் பிறகு முடிவு செய்யட்டும். அன்றைய ஆட்டோ வாடகையை நாங்கள் கொடுத்துவிடுகிறோம்.